'ஹைப்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? பில்டப், தம்பட்டம் இரண்டுமே ஒட்டவில்லை

கேட்டவர்: கயல்_மொழிபெயர்ப்பு

வணக்கம். வீட்டிலிருந்தபடியே கட்டுரைகள் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன், பெரும்பாலும் கைப்பேசி, கார், சினிமா சம்பந்தப்பட்டவை. போன வாரம் வந்த ஒரு கட்டுரையில் ஹைப் என்ற சொல் மட்டும் 11 இடங்களில் வருகிறது, அதில்தான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் எழுதியவர் ஒரே சொல்லை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார். ஓர் இடத்தில் கம்பெனி தன் புதுப் போனைப் பற்றி மாதக்கணக்கில் கிளப்பிவிட்ட பேச்சு ஹைப். அடுத்த பத்தியில் அதைக் கேட்டு மக்களுக்கு ஏறிய ஆசையும் எதிர்பார்ப்பும் ஹைப். கடைசியில் போனை வாங்கிப் பார்த்தவர், சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது அதுவும் ஹைப்.

முதலில் எல்லா இடத்திலும் 'மிகைவிளம்பரம்' என்று போட்டேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, யாருமே வாயால் சொல்லாத சொல் என்று எழுதி அனுப்பினார். சரி என்று 'பில்டப்' போட்டேன், கட்டுரைக்குக் கொச்சையாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அப்புறம் 'தம்பட்டம்' என்று மாற்றி, அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "போன் எப்படிடி தம்பட்டம் அடிக்கும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஹைப் என்றே எழுதிவிடலாம், பத்துப் பேரில் ஏழு பேருக்குப் புரியும். ஆனால் மீதி மூன்று பேரில் அம்மாவும் ஒருவர். ஊரில் உங்கள் வீட்டில், கடையில், வேலையிடத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள், அகராதிச் சொல் என்னிடமே இருக்கிறது.

அச்சக_மை

நான் சிவகாசிப் பக்கம் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைன் போடுகிறவன், இந்தச் சமாச்சாரம்தான் எனக்குத் தினமும் சோறு போடுகிறது. பில்டப்பைக் கொச்சை என்று தள்ளியது தவறு என்பேன். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு ஒருவரையோ ஒரு பொருளையோ முன்கூட்டியே உயர்த்திப் பேசுவது என்ற பொருள் உண்டு. நாம் அதை எடுத்து 'கொடு' என்ற வினையோடு சேர்த்து நம்முடையதாக்கிக்கொண்டோம். பில்டப் கொடுக்கிறான் என்றால் படிக்காதவருக்கும் புரியும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், பில்டப் எப்போதும் முன்னால் வருவது. ஹீரோ அறிமுகக் காட்சியில் முதலில் ஷூ, அப்புறம் கை, அப்புறம் பின்கழுத்து, அந்தப் பக்கம் பத்து அடியாட்கள் மிரண்டு பார்ப்பது, கடைசியில்தான் முகம். முகம் தெரிந்த நொடியில் பில்டப் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்வது தீர்ப்பு: "இவ்வளவு பில்டப்பும் இதுக்குத்தானா." அதனால் உங்கள் முதல் பொருளுக்கு இது பொருந்தும், இரண்டாவதுக்குப் பொருந்தாது. மக்களின் ஆசையை யாரும் பில்டப் என்று சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனதை அரிக்கிற விஷயம். போன மாதம் ஒருவர் பாத்திரக் கடைத் திறப்பு விழாவுக்கு பிட் நோட்டீஸ் அடிக்க வந்தார். 'மாபெரும் திறப்பு விழா' என்று போட்டுக் காட்டினேன். மாபெரும் எல்லோரும் போடுகிறார்கள், 'பிரம்மாண்டமான' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். பக்கத்துத் தெருக் கடைக்காரரும் அதையே போட்டிருக்கிறார் என்று மறுபடி வந்து 'பிரம்மாண்டத்தின் உச்சம்' என்றார். கடை பத்துக்குப் பன்னிரண்டு. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, கடன் வாங்கிக் கடை போட்டவர், ஆட்கள் உள்ளே வர வேண்டும் என்ற பயம் அவருக்கு. ஆனால் மாபெரும் என்ற சொல் எனக்குத் தெரிந்து இந்த இருபது வருடத்தில் தேய்ந்தே போய்விட்டது, இப்போது உண்மையிலேயே பெரிய ஒன்றுக்கு அதைப் போட்டால் யார் கண்ணிலும் படுவதில்லை.

வைகைக்கரை

கயல், உங்கள் அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. அடிக்க ஓர் ஆள் வேண்டும், போன் அடிக்காது, கம்பெனிதான் அடிக்கும்.

தம்பட்டம் முதலில் ஒரு தோல் கருவி, பறை வகையைச் சேர்ந்தது. 'தம் பட்டம்' என்று பிரித்து, தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்வது என்று விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பிற்பாடு ஒட்டவைத்தது. தம்பட்டவரை என்று ஒரு காய் உண்டே, வாளவரை என்றும் சொல்வார்கள், அதில் யாரும் பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. அப்புறம், தம்பட்டம் என்றாலே தற்பெருமை என்றால் 'சுயதம்பட்டம்' என்று தனியாக ஒரு சொல் எதற்கு? பேச்சில் கேட்டுப் பாருங்கள்: "அவகிட்ட ஒரு விஷயம் சொன்னா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருவா." இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? ஊரறியச் செய்வதுதான் அடிப்படைப் பொருள். வள்ளுவரும் கேட்ட ரகசியத்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கயவரை அறைபறைக்குத்தான் ஒப்பிடுகிறார் (1076-வது குறள்). டமாரம் அடிப்பது, தமுக்கடிப்பது, தண்டோரா போடுவது, பறைசாற்றுவது என்று எல்லாமே அந்த வழியில் வந்தவை. இந்திக்காரர்களும் இதே கருத்துக்கு டிண்டோரா அடிப்பது என்றுதான் சொல்கிறார்கள், நம் தண்டோரா அந்தச் சொல்லின் உறவுதான்.

சொல்லாக இவை பொருந்தினாலும், பொய்யான விளம்பரத்துக்கு இவற்றைப் போட எனக்கு மனம் வருவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன். சின்ன வயதில் பாட்டி ஊரில் தண்டோரா போடுகிறவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். தெருமுனையில் நின்று மூன்று முறை தட்டுவார், நாய்கள் குரைத்து ஓயும் வரை காத்திருப்பார், பிறகு "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார். நாளைக் காலை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், கண்மாய் மடை திறக்கிறார்கள், இவ்வளவுதான் செய்தி. ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார், அடுத்த முனைக்குப் போய் அதையே சொல்வார். ஊரிலேயே மிகைப்படுத்தாமல் பேசிய மனிதர் அவர்தான். அவரை யாரும் திண்ணையில் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் இனித் தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது, இதை முன்னமே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கையிலிருந்த கருவியின் பெயரை வீண்பெருமைக்கு வைத்துவிட்டோம். பறை என்ற சொல்லுக்குச் சொல் என்றுதான் பொருள்.

பருத்தித்துறைக்காரி

வைகைக்கரை சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் பழைய ஆக்கள் கதைக்கிறதைப் 'பறையிறது' என்றுதான் சொல்லுவினம். அம்மம்மா "வா, கொஞ்ச நேரம் பறைஞ்சு கொண்டிருப்பம்" என்பா. அதில் பெருமையும் இல்லை, சத்தமும் இல்லை.

கயல் கேட்டதுக்கு வாறன். ஆள் தன்னைக் காட்டிக்கொண்டு திரிஞ்சால் எங்களுக்கு அது 'எழுப்பம்', இல்லாட்டி 'படம் காட்டுறது'. இரண்டும் ஆளுக்குத்தான், சாமானுக்கு இல்லை. மற்றவரைப் புகழ்ந்து புகழ்ந்து மேலே தூக்கிவிடுறதுக்கு 'பப்பாவில ஏத்துறது' என்று ஒன்று இருக்கு. பப்பாசி மரத்தில் ஏறிப் பார்த்த ஆக்களுக்குத் தெரியும், நெட்டையாக நிற்கும், நடுவில் கோறை, பாரம் தாங்காது, பழத்துக்கு ஆசைப்பட்டு ஏறினால் மரத்தோடதான் கீழே வரவேணும். ஏத்திவிடுகிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஏறினவர்தான் விழுவார். உங்கட இரண்டாவது பொருளுக்கு, சனத்தின் ஆசையைக் கிளப்பிவிட்டு அவையைக் காசு குடுக்க வைக்கிறதுக்கு, எனக்கு இதுதான் கிட்ட வருது. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியுமோ என்று நீங்கள்தான் சொல்லவேணும்.

மூன்றாம்_ஆண்டு

நான் கல்லூரி மாணவன், ஹைப் என்றே எழுதுங்கள் என்பது என் கட்சி. எங்களுக்குள் இது திட்டுவதற்கான சொல் இல்லை. டிரைலர் வந்தது, ஹைப் ஏறிவிட்டது என்றால் எனக்கு ஆசை கூடிவிட்டது என்று பொருள், யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று பொருள் இல்லை. யூடியூப்பிலும் சின்ன சேனல்களைப் பார்வையாளர்கள் தூக்கிவிட ஹைப் என்றே ஒரு பொத்தான் வந்திருக்கிறது. பிடிக்காதபோதுதான் 'ஓவர் ஹைப்' என்று ஓவரைச் சேர்க்கிறோம், அப்படியென்றால் வெறும் ஹைப் நல்ல சொல் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு அதன் வரலாற்றைப் போய்ப் பார்த்தேன், கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. 1920களில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் மீதிச் சில்லறை கொடுக்கும்போது குறைத்துக் கொடுத்து ஏமாற்றுவதற்குத்தான் இந்தச் சொல் ஓடியிருக்கிறது. அங்கிருந்து பொய் விளம்பரம், அங்கிருந்து இப்போது நாங்கள் சொல்கிற உற்சாகம்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்

தம்பி சொன்னது நல்ல செய்தி. ஆங்கிலச் சொல் மூன்று பொருளையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது, தமிழ் அப்படி வைக்கவில்லை, யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துச் சொல்லைப் பிரித்துக்கொள்கிறது. தன்னைப் பற்றித் தானே பேசினால் பீற்றல், ஜம்பம், தற்புகழ்ச்சி. வேண்டியவரை அவர் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் முகத்துதி, ஜால்ரா. வருகிறவருக்கு முன்னே போய் அவர் பெருமையை உரக்கச் சொன்னால் அது கட்டியம்.

இந்தக் கட்டியம் என்ற சொல்லைக் கயல் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வடமாவட்டங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டியக்காரன் முதலில் வந்துவிடுவான். ராஜா வருகிறார், இன்ன நாட்டை ஆள்கிறவர், இன்ன பராக்கிரமம் உடையவர் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் வரும், மேலே கிரீடத்தின் நுனி தெரியும். என் ஊர்க் கூத்தில் நான் சிறுவனாகத் தரையில் உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது விலகுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்குப் போன் கம்பெனி செய்வதும் பாதியை மறைத்துப் பாதியைக் காட்டுகிற அதே வேலைதான். வேறுபாடு, கூத்தில் திரை விலகினால் ராஜா உண்மையாகவே விடியும் வரை ஆடுவார்.

நம் இலக்கணக்காரர்கள் இதில் மிகக் கறாராக இருந்திருக்கிறார்கள். நன்னூல் பாயிரத்தில், எவ்வளவு பெரிய நூலைச் செய்தவனானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியல்ல என்று பவணந்தியார் சொல்லிவிடுகிறார். அதனால் நூலுக்குச் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரே எழுதக்கூடாது, அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். அதாவது அந்த நூலையும் ஆளையும் அருகிலிருந்து அறிந்தவர்கள். பிறகு நான்கு இடங்களில் மட்டும் புலவன் தன்னைப் புகழலாம் என்று விலக்குத் தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வாதில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த இரண்டாவது விலக்கை நினைத்துப் பாருங்கள், அச்சக நண்பர் சொன்ன பாத்திரக் கடைக்காரர் அதில் வந்துவிடுகிறார். புதிதாகக் கடை போட்டவரை ஊர் அறியாது, அவர் சொல்லித்தான் ஆக வேண்டும், பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்ற பழமொழி அவருக்குச் செல்லாது. எவ்வளவு சொல்வது என்பதில்தான் வழக்கே.

மிகைவிளம்பரம் என்ற சொல்லில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. மிகை என்பது நம் கவிதையில் குற்றமில்லை. உயர்வு நவிற்சி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், தண்டியலங்காரம் அதை அதிசய அணி என்கிறது, அதற்கும் உலக வரம்பைக் கடக்காமல் சான்றோர் வியக்கும்படி இருக்க வேண்டும் என்று எல்லை போடுகிறது. மாடம் நிலவைத் தொடுகிறது என்று புலவர் பாடினால் சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், யாரும் ஏணி எடுத்துக்கொண்டு போவதில்லை. விளம்பரக்காரர் மிகைப்படுத்துவது நாம் அதை நம்ப வேண்டும் என்று.

நுகர்வோர்_வழக்கறிஞர்

ஐயா கடைசியாகச் சொன்ன கோடுதான் நீதிமன்றத்திலும் போடப்படுகிறது. சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டே படிக்கிற வழக்கு ஒன்று. 1891இல் லண்டனில் ஒரு கம்பெனி மூக்கால் இழுக்கிற மருந்தான தன் கார்பாலிக் புகையுருண்டையைச் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக 1000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். இது வெறும் 'பஃப்', யாரும் மெய்யென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனி வாதாடியது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை, பணத்தை வங்கியில் போட்டேன் என்று சொல்கிறவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றது.

பஃப் என்றால் ஊதுவது. தமிழிலும் 'ஊதிப் பெரிதாக்குவது' என்று சொல்கிறோம், கயல் இதைப் பயன்படுத்தலாம், கட்டுரைக்கும் பொருந்தும், பேச்சிலும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏமாற்று விளம்பரத்தை ஹைப் என்றோ பில்டப் என்றோ மொழிபெயர்த்து விடாதீர்கள். உலகிலேயே சுவையான காப்பி என்று போடுவது ஊதல். பதினைந்து நாளில் சர்க்கரை நோய் போய்விடும் என்பது அப்படியல்ல, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அந்த மாதிரி விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வந்த ஒருவரின் கோப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடம் போய் ஹைப் என்ற சொல்லைச் சொல்ல முடியாது.

கயல்_மொழிபெயர்ப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு முழுக்க உட்கார்ந்து 11 இடத்தையும் மறுபடி பார்த்தேன், ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் செய்கிறார் என்று முதலில் எழுதிக்கொண்டு பிறகு மொழிபெயர்த்தேன், பாதிக்கு மேல் இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை.

கம்பெனி செய்தது: "போன் கைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே கம்பெனி அதை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது." மக்கள் பக்கம்: "ஆகா ஓகோ என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஆசை ஏறிக் கிடந்தது." பப்பாவில் ஏற்றுவதை இங்கே போட மிகவும் ஆசைப்பட்டேன் அக்கா, ஆசிரியர் விளக்கம் கேட்பார் என்பதால் விட்டுவிட்டேன், வேறு ஒரு கட்டுரைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கியவர் அலுப்பு: "இவ்வளவு பில்டப்புக்கு உள்ளே ஒன்றுமில்லை." அவர் பேசுவதாக மேற்கோளுக்குள் வருவதால் பில்டப்பை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். யூடியூப் பொத்தான் ஒரு வரியில் வருகிறது, அது பெயர் என்பதால் ஹைப் என்றே வைத்தேன்.

கட்டியம் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது ஐயா. அறிமுக விழாவுக்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு போனைப் புகழ்ந்த யூடியூபர்களைப் பற்றிய பத்தி அது, "கட்டியம் கூறினார்கள்" என்று எழுதினேன். தம்பட்டத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன்.

தலைப்புதான் மிச்சம். ஆங்கிலத்தில் இரண்டே சொல், ஹைப்பும் போனின் பெயரும். இன்று மாலை 6 மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அச்சக_மை

போன் வாங்கியவருக்குக் கடைசியில் ஏமாற்றம்தான் என்றால் 'புஸ்வாணமான போன்' என்று போடுங்கள். சிவகாசிக்காரன் சொல்கிறேன், திரி நமத்துப் போன புஸ்வாணத்தைச் சுற்றிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்களே, அது எல்லோரும் பார்த்தது. மேலே 'மாபெரும்' மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

கயல்_மொழிபெயர்ப்பு

போட்டுவிட்டேன். அம்மாவிடமும் படித்துக் காட்டினேன், புஸ்வாணம் புரிந்தது, அப்புறம் அந்தப் போன் என்ன விலை என்று கேட்டார்.